மழைமானியும் மாநாடும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள். துபாய் நகரில் உலக நாடுகளின் பருவநிலை மாநாடு முடிவுக்கு வந்தது. 80,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட மாநாடு அது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய புதைபடிவ எரிபொருள்களை விட்டு உலகம் விலகிச் செல்ல வேண்டும் என்ற கருத்து, இவ்வகை மாநாட்டின் தீர்மானம் ஒன்றில் அன்றுதான் முதன்முறையாக இடம்பெற்றது.

நான்கே நாட்கள் சென்றன. டிசம்பர் 17-ஆம் நாள் நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளில் மழை விடாது கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. செந்தூர் விரைவு ரயில் திருவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது.

துபாய் மண்டபத்துக்கும் திருவைகுண்டம் ரயில் நிலையத்துக்கும் என்ன தொடர்பு? மாநாட்டில் பேசியவர்கள் சரியாகப் பேசாததால் மழை பெய்தது என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. ஆயினும் தொடர்பு ஒன்று உண்டு. அம்மண்டபத்தில் பேசப்படும் ஒவ்வொரு முடிவுக்கும் அடிப்படை, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் நாள் தவறாமல் குறித்து வைத்த அளவுகளே ஆகும்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை வானிலை அறிஞராக, நீர்வளப் பொறியாளராக, வேளாண் அலுவலராக, ஆசிரியராக ஆவீர்கள். பருவநிலை பற்றிய கருத்தரங்குகளுக்கும் மாநாடுகளுக்கும் போக வேண்டி வரும். பள்ளிப் பருவத்திலேயே அவ்வாய்ப்புக் கிடைப்பவர்களும் உண்டு. அங்கே எப்படிப் போனால் பயன் கிடைக்கும்? எப்படிப் போனால் பயணச் செலவு வீணாகும்? இதையே இக்கட்டுரையில் காண்போம்.

95 செ.மீ. என்பது எவ்வளவு?

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் தேங்கும் நீர் 1 லிட்டர். 95 செ.மீ. என்பது 950 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர் விழுந்திருக்கிறது.

பத்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீட்டு மொட்டை மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 50 சதுர மீட்டர். அதன்மேல் மட்டும் விழுந்த நீர் 47,500 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய நான்கு! ஒரு சதுர கிலோமீட்டருக்கு 95 கோடி லிட்டர். தூத்துக்குடி மாவட்டம் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெறும் மழையைவிட இது அதிகம்.

இப்போது மேலே தந்த எண்களை மறுபடியும் பாருங்கள். காயல்பட்டினத்தில் 95. திருச்செந்தூரில் 69. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மழையளவில் 26 செ.மீ. வேறுபாடு! அப்படியானால் இவற்றுக்கு இடையேயுள்ள வயல்களில் எவ்வளவு பெய்தது? மழைமானி இல்லாத ஊர்களில் எவ்வளவு பெய்தது?

காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைக் கொள்ள முடியும். இது இயற்பியல் விதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. எனவே பெருமழைகள் மேலும் பெருகக்கூடும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய, நம் ஊரின் அளவுகள் வேண்டும்.

மாநாடுகள் மூவகை

பருவநிலை பற்றிய கூட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அரசுகள் கூடும் மாநாடு. 1992-இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் புவி உச்சி மாநாடு நடந்தது. பருவநிலை பற்றிய உலக ஒப்பந்தம் அங்கே கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அதன் உறுப்பு நாடுகள் 1995-இல் பெர்லினில் முதன்முறையாகக் கூடின. 2002-இல் எட்டாவது மாநாடு புதுதில்லியில் நடைபெற்றது. 2015-இல் பாரிஸ் உடன்பாடு பிறந்தது. இங்கே நடப்பது பெரும்பாலும் பேரம். ஒரு சொல்லுக்காக இரவு முழுவதும் வாதாடுவார்கள்.

இரண்டாவது, அறிவியலார் கூடும் மாநாடு. இங்கே ஆராய்ச்சிக் கட்டுரைகள் படிக்கப்படும். ஒருவர் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். ஐந்து நிமிடம் கேள்விகளுக்கு. வேறு சிலர் தம் ஆய்வைப் பெரிய அட்டையில் படங்களோடு எழுதி மாட்டிவைத்து, அருகிலேயே நிற்பார்கள். இதைப் ‘போஸ்டர்’ என்பார்கள்.

மூன்றாவது, மாணவர்களுக்கான மாநாடு. 1993 முதல் நாடு முழுவதும் நடத்தப்பட்டுவந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்தது. பத்து முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்கள், தங்கள் ஊரிலேயே ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, தாய்மொழியிலேயே முடிவுகளைச் சொல்லலாம். 2014-ஆம் ஆண்டின் மையப்பொருள் வானிலையையும் பருவநிலையையும் புரிந்துகொள்வது என்பதாகும்.

மூன்றும் வெவ்வேறு ஆயினும், பயன் பெறும் வழி ஒன்றே. கையில் சொந்தமாக ஏதேனும் ஒன்றை வைத்துக்கொண்டு போக வேண்டும்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரை எடுத்துக்கொள்வோம். துணி தேய்க்கும் தள்ளுவண்டிகளில் கரி எரிவதை அவர் தம் தெருவிலேயே கண்டார். அந்தக் கரிக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலால் இயங்கும் தேய்ப்பு வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார். அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். அங்கே ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். பள்ளி மாணவி ஒருவரின் பேச்சுக்கு ஏன் காது கொடுத்தார்கள்? அவர் தாமே பார்த்த ஒரு சிக்கலையும், தாமே உருவாக்கிய ஒரு விடையையும் கொண்டு போயிருந்தார்.

வெறுங்கையோடு போன கதை

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் எனக்குத் தெரியும். அது என் கதைதான்.

விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், பருவநிலை பற்றிய மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குச் சென்றேன். காலை முதல் மாலை வரை ஒரு பேச்சையும் விடவில்லை. நாற்பது பக்கம் குறிப்பு எழுதினேன். திரும்பி வந்ததும் சேரன்மாதேவியிலிருந்து வரும் மாணவன் ஒருவன், “சார், அங்கேருந்து என்ன கொண்டாந்தீங்க?” என்று கேட்டான். குறிப்பேட்டைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது. ஆனால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. துணிப்பையையும் சான்றிதழையும் காட்டினேன். அவன் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

அதன் பிறகு நானும் மாணவர்களும் சேர்ந்து கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்தோம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவு எடுத்தோம். ஓராண்டு ஆயிற்று. எங்கள் எண்கள் செய்தித்தாளில் வரும் எண்களைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்தன. காரணம் விளங்கவில்லை. அந்தக் கேள்வியோடு அடுத்த கருத்தரங்குக்குச் சென்றேன்.

தேநீர் இடைவேளையில், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் எங்கள் அட்டவணையைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. “தம்பி, உங்க மழைமானியைச் சுத்தி என்ன இருக்கு?” என்று கேட்டார். “ஐந்து மீட்டர் தள்ளி ஒரு கட்டடம், எட்டு மீட்டர் உயரம்” என்றேன். அவர் சிரித்தார். அருகிலுள்ள எந்தப் பொருளானாலும், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளித்தான் மழைமானியை வைக்க வேண்டும். எட்டு மீட்டர் கட்டடம் என்றால் பதினாறு மீட்டர். சாய்வாக வரும் மழையைக் கட்டடம் மறித்துவிடும்.

ஐந்து நிமிடப் பேச்சு. ஓராண்டு உழைப்பின் தவறு வெளிப்பட்டுவிட்டது. அந்த அட்டவணையை நாங்கள் கிழித்துப் போடவில்லை. ‘ஐயத்துக்குரியது’ என்று மேலே எழுதி வைத்தோம். மழைமானியைத் திறந்த வெளிக்கு மாற்றினோம். இம்முறை அந்த மாணவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இருந்தது.

போவதற்கு முன்

இனி முறைகளைப் பார்ப்போம்.

முதலில், சொந்தமாக ஓர் அளவீடு வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மழையளவு, கிணற்று நீர்மட்டம், குளத்தில் நீர் நிற்கும் நாட்கள், பள்ளிக் கூரைக்குக் கீழே பகல் வெப்பநிலை ஆகிய எதுவாயினும் சரி. தாமிரபரணிப் பகுதி மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-இல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. குளங்களில் பறவைகளை எண்ணும் அப்பணியில் மாணவர்களும் தொண்டர்களாகப் பங்கேற்றிருக்கிறார்கள். எண்ணக் கற்றுக்கொள்வதும் அளக்கக் கற்றுக்கொள்வதே.

இரண்டாவது, அந்த அளவீட்டிலிருந்து எழும் ஒரு கேள்வி. “புவி வெப்பமடைவதை எப்படித் தடுப்பது?” என்பது மிகப் பெரிய கேள்வி, யாராலும் ஐந்து நிமிடத்தில் விடை சொல்ல முடியாது. “எங்கள் குளம் ஜனவரியில் வற்றுகிறது, பக்கத்துக் குளம் மார்ச்சு வரை நிற்கிறது, இரண்டுக்கும் ஒரே கால்வாய், காரணத்தை எப்படிக் கண்டறிவது?” இதுவே நல்ல கேள்வி. கேட்பவரும் சிந்திக்கத் தொடங்குவார்.

மூன்றாவது, நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே படித்தல். எல்லாப் பேச்சையும் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் கேள்விக்கு நெருங்கிய மூன்று பேச்சுகளைத் தேர்ந்தெடுங்கள். பேசுபவர் முன்பு எழுதியது ஏதேனும் கிடைத்தால் படித்துவிட்டுப் போங்கள்.

போன இடத்தில்

மேடைப் பேச்சைவிட நேர்ப்பேச்சில் பயன் அதிகம். இதற்கு நம் இயற்பியல் வரலாற்றிலேயே சான்று உண்டு.

1928-இல் ஜெர்மன் அறிஞர் அர்னால்டு சோமர்பெல்டு சென்னைக்கு வந்து சொற்பொழிவு ஆற்றினார். மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர் அப்போது பதினெட்டு வயதை ஒட்டியவர். அணு அமைப்புப் பற்றிச் சோமர்பெல்டு எழுதிய நூலை அவர் முன்பே கரைத்துக் குடித்திருந்தார். அவரை விடுதிக்கே போய்ச் சந்தித்தார். அந்த நூலில் உள்ள கொள்கை பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் பிறந்துவிட்டது என்று சோமர்பெல்டு கூறினார். உலோகங்களில் உள்ள எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி, அச்சில் இருந்த கட்டுரையின் படியையும் கொடுத்தார். அதைப் படித்த சந்திரசேகர் புதிய புள்ளியியலைப் பயன்படுத்திச் சொந்தமாகக் கட்டுரை எழுதினார். அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. விண்மீன்களைப் பற்றிய பணிக்காக 1983-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

சோமர்பெல்டின் பேச்சைக் கேட்டவர்கள் பலர். அவரிடம் போய்ப் பேசியவர் இந்த மாணவர். போவதற்கு முன் நூலைப் படித்திருந்ததால்தான் அந்தப் பேச்சு பயன்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

பெரியவர்களிடம் பேசக் கூச்சமாக இருக்கிறதா? மூன்று வாக்கியங்கள் போதும். “நான் இந்த ஊர், இந்தப் பள்ளி. இதை இத்தனை மாதமாக அளந்தோம். இந்த இடத்தில் எங்களுக்கு விளங்கவில்லை.” உண்மையான ஆராய்ச்சியாளர் எவரும் இதைக் கேட்டுவிட்டு முகம் திருப்பிக்கொள்ள மாட்டார். போஸ்டர் அரங்கு இதற்கு மிக ஏற்ற இடம். அட்டையின் அருகே நிற்பவர், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவரே!

பேச்சின்போது எல்லாவற்றையும் எழுத வேண்டாம். ‘நான்கு ஒன்றுகள்’ மட்டும் எழுதுங்கள்: மீண்டும் தொடர்புகொள்ள வேண்டிய ஒரு மனிதர், கற்றுக்கொண்ட ஒரு முறை, நினைவில் நிற்கவேண்டிய ஓர் எண், விடை கிடைக்காத ஒரு கேள்வி. ஒவ்வொரு நாளுக்கும் இவை நான்கும் கிடைத்தால் அந்த நாள் வீண் போகவில்லை.

பேசுபவர் சொல்லும் எண்ணையும் அப்படியே ஏற்க வேண்டாம். “இது எங்கே அளக்கப்பட்டது? எத்தனை ஆண்டு அளவு? கருவி எது?” என்று கேட்கலாம். பணிவோடு கேட்டால் இவை குறும்புக் கேள்விகள் ஆகா. அறிவியலின் அன்றாடக் கேள்விகளே.

திரும்பி வந்த பின்

மாநாட்டின் பயனில் பாதி திரும்பி வந்தபிறகே கிடைக்கிறது. இரண்டு நாட்களுக்குள் ஒரே ஒரு பக்கத்தில் கற்றதை எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள், உதவிய மனிதருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நன்றியோடு, அவர் சொன்னபடி செய்து பார்த்ததன் முடிவையும் எழுதுங்கள். வெறும் வணக்கம் எழுதியவரை அவர் மறந்துவிடலாம். முடிவை எழுதியவரை மறக்க மாட்டார். பிற்காலத்தில் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுபவர்கள் இப்படித்தான் அமைகிறார்கள். ஒரு மாதத்துக்குள், மாநாட்டுக்கு வராத நண்பர்களுக்குக் கற்றதைச் சொல்லிக்கொடுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள்.

எல்லாச் சீசாக்களிலும் ஒரே எண்

இறுதியாக, வெள்ளத்துக்குப் பின் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் எங்கள் மாணவர்கள் சிலர் தம் வீடுகளில் எளிய மழைமானிகள் வைத்திருந்தார்கள். 10 செ.மீ. விட்டமுள்ள புனல்; கீழே ஒரு லிட்டர் சீசா. புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே 78.5 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 1 செ.மீ. மழை. கணக்கு எளிது.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து கல்லூரி திறந்தது. சீசாக்கள் சில ஆற்றோடு போயிருந்தன. மிஞ்சியவற்றின் அளவுகளைக் கரும்பலகையில் எழுதினோம். எல்லா ஊர்களிலிருந்தும் ஒரே எண்: 12.7 செ.மீ.!

காரணம் உங்களுக்கே விளங்கியிருக்கும். 1,000 மில்லிலிட்டரை 78.5-ஆல் வகுத்துப் பாருங்கள். அது மழையின் அளவு அன்று, சீசாவின் அளவு. சீசா நிரம்பியது, மீதி வழிந்தது. காயல்பட்டினத்தில் பெய்த மழையை அந்தப் புனலில் பிடித்திருந்தால் ஏழரை லிட்டர் சேர்ந்திருக்கும். எந்த நாளின் அளவு நமக்கு மிகவும் தேவையோ, அந்த நாளில் நம் கருவி வாய்மூடிவிட்டது. வீடு இழந்த ஒரு மாணவி கரும்பலகையைப் பார்த்து, “எங்க ஊர்ல எவ்வளவு மழை பெஞ்சுதுன்னு இனிமே யாருக்குமே தெரியாதா, சார்?” என்று கேட்டாள். “தெரியாது அம்மா” என்றுதான் சொல்ல முடிந்தது.

அம்மாணவி அந்தக் கேள்வியையே அடுத்து நடந்த மாணவர் கருத்தரங்குக்குக் கொண்டு சென்றாள்: ‘நிரம்பி வழியாத எளிய மழைமானியை எப்படிச் செய்வது?’ வானிலைப் பணியில் இருந்த ஒருவர் அங்கே விடை சொன்னார். சீசாவை மூடியுள்ள ஒரு வாளிக்குள் வைக்க வேண்டும். மூடியில் துளையிட்டுப் புனலைப் பொருத்த வேண்டும். புனலுக்கும் சீசா வாய்க்கும் இடையே சிறு இடைவெளி விட வேண்டும். சீசா நிரம்பி வழியும் நீர் வாளியில் சேரும். அதையும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். முறையான மழைமானிகளிலும் இப்படி வழிந்த நீரைப் பிடிக்கும் கலம் உண்டு. இப்போது எங்கள் மாணவர் வீடுகளில் வாளி மழைமானிகள் இருக்கின்றன.

துபாயில் எடுத்த முடிவுகளில் ஒன்று, பருவநிலை மாற்றத்தால் இழப்புக்கு உள்ளாகும் நாடுகளுக்கு உதவும் நிதியைச் செயல்படுத்துவது. இழப்பை எடுத்துக்காட்ட அளவுகள் வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் கரையில் எத்தனையோ ஊர்கள். ஊருக்கு ஒரு மாணவர் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஓர் எண்ணைக் குறித்து வைத்தால், நாளை எந்த மாநாட்டுக்கும் நீங்கள் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

1. 15 லிட்டர் வாளியும் 10 செ.மீ. விட்டமுள்ள புனலும் கொண்ட மழைமானி, நிரம்பி வழியுமுன் எத்தனை செ.மீ. மழையை அளக்க முடியும்? (வாளிக்குள் உள்ள சீசா பிடிக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

2. உங்கள் பள்ளி வளாகத்தில் மழைமானி வைக்கத் தகுந்த இடம் எது? சுற்றியுள்ள மரங்கள், கட்டடங்கள் ஆகியவற்றின் உயரத்தை நிழலின் உதவியால் அளந்து, இரண்டு மடங்கு தூர விதியைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

3. உங்கள் ஊரின் நீர் அல்லது வானிலை பற்றி, ஐந்து நிமிடத்தில் ஓர் அறிஞரிடம் கேட்கத்தக்க ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்கு முன் நீங்கள் எதை அளந்திருக்க வேண்டும் என்பதையும் அதன் கீழே குறிப்பிடுங்கள்.